குறைந்த செலவில் ஒற்றை கியர் சைக்கிள்: எதில் பணம் போடுவது, எதில் மிச்சம் பிடிப்பது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். வேலைக்குச் சென்று வர ஒரு சைக்கிள் வாங்க வேண்டும். மலிவான கியர் சைக்கிள்களில் செயினை ஒரு பற்சக்கரத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் டிரேலியர் அடிக்கடி ஒழுங்கு தவறுவதையும், அதைச் சரிசெய்யவே ஒவ்வொரு மாதமும் நேரம் போவதையும் பலரிடம் பார்த்துவிட்டதால், ஒரே கியர் உள்ள எளிய சைக்கிளே எனக்குப் போதும் என்று முடிவு செய்திருக்கிறேன். வழி பெரும்பாலும் சமதளம். நடுவில் ஒரு மேம்பாலம் மட்டும் ஏறி இறங்க வேண்டும்.

என் கையில் இருக்கும் தொகை சிறியது. ஆகவே எந்தப் பாகத்தில் விட்டுக்கொடுக்கலாம், எதில் கூடாது என்பதைத்தான் முதன்மையாக அறிய விரும்புகிறேன். ஃபிக்ஸட் கியர் (சக்கரம் சுற்றும்வரை பெடலும் கூடவே சுற்றும் வகை) வாங்குவதா, ஃபிரீவீல் (மிதிக்காமலும் சக்கரம் உருளும் வகை) உள்ளதை வாங்குவதா என்பதும், புதிதாக வாங்குவதைவிடப் பழைய ரோடு சைக்கிள் ஒன்றை வாங்கி ஒற்றை கியராக மாற்றுவது சிக்கனமா என்பதும் அடுத்த கேள்விகள். பற்களின் எண்ணிக்கையை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதையும் யாராவது விளக்கினால் நன்றி உடையவனாக இருப்பேன்.

முதல் மறுமொழி

வணக்கம். குறைந்த விலைச் சைக்கிளைப் பார்க்கும்போது கண் முதலில் பெயின்டிலும் உயரமான ரிம்மிலும் போய் நிற்கும். நீங்கள் குனிந்து பின் சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பைப் பாருங்கள். ஒற்றை கியர் சைக்கிளில் உண்மையான வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

ஃபிக்ஸட் கியருக்கென்று செய்யப்பட்ட ஹப்பில் இரண்டு அடுக்கு மரை இருக்கும். உள் அடுக்கில் பற்சக்கரம் வலப்பக்கமாகச் சுற்றி ஏறும். அதைவிடச் சிறிய வெளி அடுக்கில் லாக் ரிங் என்னும் பூட்டு வளையம் இடப்பக்கமாகச் சுற்றி ஏறும். வேகத்தைக் குறைக்க நீங்கள் பெடலைப் பின்னோக்கி அழுத்தும்போது பற்சக்கரம் கழலப் பார்க்கும். அது கழலக் கழல எதிர்த்திசை மரையுள்ள லாக் ரிங் மேலும் இறுகி அதைத் தடுத்துவிடும். இந்த இடமரை இல்லாத சாதாரண ஃபிரீவீல் ஹப்பில் ஃபிக்ஸட் பற்சக்கரத்தை ஏற்றி, வேறு ஏதோ ஒரு வளையத்தை வைத்து இறுக்கி விற்பவர்களும் உண்டு. நிறுத்த வேண்டிய நேரத்தில் பற்சக்கரம் கழன்று சுற்றக்கூடும் என்பதால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அப்படிப்பட்ட சைக்கிளைத் தொட வேண்டாம்.

உங்கள் தேவைக்கு ஒரு பக்கம் ஃபிக்ஸட், மறுபக்கம் ஃபிரீவீல் என்று இருபுறமும் மரை உள்ள ஃபிளிப்-ஃபிளாப் ஹப் மிகப் பொருத்தம். நட்டைத் தளர்த்திச் சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டால் சைக்கிளின் குணமே மாறிவிடும். இது புதிய ஏற்பாடும் அன்று. டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் 1937-இல்தான் டிரேலியர் அனுமதிக்கப்பட்டது. அதற்கு முன் வீரர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, பின் சக்கரத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஏறினார்கள். முதல் சில மாதங்கள் ஃபிரீவீல் பக்கத்திலேயே ஓட்டுங்கள். பிறகு விருப்பமிருந்தால் மறுபக்கத்தை முயன்று பார்க்கலாம். அதற்குத் தனிச் செலவு இல்லை.

பிரேக் விஷயத்தில் ஒரு பைசாகூட மிச்சம் பிடிக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. வேகத்தைக் குறைக்கும்போது உடலின் எடை முன் சக்கரத்துக்கு நகர்கிறது; பின் சக்கரம் இலேசாகிச் சறுக்குகிறது. காய்ந்த நல்ல சாலையில் பின் பிரேக்கை மட்டும் பிடிப்பதைவிட முன் பிரேக்கைப் பிடித்தால் ஏறத்தாழப் பாதித் தூரத்தில் நிற்க முடியும். ஃபிக்ஸட் கியரில் காலால் தடுப்பதும் பின் சக்கரத்தைத் தடுப்பதுதான். ஆகவே ஃபிக்ஸட் ஓட்டுபவருக்கும் முன் பிரேக் கட்டாயம் வேண்டும். ஃபிரீவீல் என்றால் இரண்டு பிரேக்குகளும் வேண்டும். பந்தயத் தட சைக்கிளைப் பார்த்துச் செய்த சில மலிவு மாடல்களின் ஃபோர்க்கில் பிரேக் மாட்டும் துளையே இருக்காது. பிறகு வாங்கி மாட்டிக்கொள்ளலாம் என்று கடைக்காரர் சொன்னால், துளை எங்கே என்று காட்டச் சொல்லுங்கள்.

எடையைப் பற்றிக் கவலை வேண்டாம். சாதாரண ஹை-டென்சைல் எஃகு ஃபிரேம் கொண்ட சைக்கிள் 11 முதல் 13 கிலோ வரை இருக்கும். குரோமோலி எஃகு என்றால் சற்றுக் குறையும். சமதளத்தில் அந்த வேறுபாடு கால்களுக்கு அதிகம் தெரியாது. ஆனால் ஃபிரேமின் அளவு பொருந்தாவிட்டால் முதுகும் மணிக்கட்டும் தினந்தோறும் வலிக்கும்.

இரண்டாம் மறுமொழி

மேலே எழுதியவரின் கருத்தோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனாலும் ஃபிக்ஸட் கியரைப் பிற்பாடு முயலவேண்டிய ஒன்றாக மட்டும் ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. கால் நின்றால் சக்கரமும் நிற்கும் என்பது பழகியவுடன் சாலையை வெகு தூரத்திலேயே கவனித்து வேகத்தைச் சீராக வைத்துக்கொள்ளும் பழக்கம் தானாக வந்துவிடுகிறது. ஈரச் சாலையில் பின் சக்கரத்தின் பிடிப்பு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதுகூடப் பாதத்தில் தெரிகிறது. அதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. பெடலில் பாதத்தைப் பிடித்து வைக்கும் வார் கட்டாயம் வேண்டும். திருப்பங்களில் பெடலைச் சுற்றாமல் இருக்க முடியாது என்பதால், சாய்ந்து திரும்பும்போது பெடல் தரையில் இடிக்காத அளவுக்கு உயரமும் வேண்டும். பெடலைத் தாங்கும் கையான கிராங்க், 170 மி.மீ. நீளத்துக்குப் பதிலாக 165 மி.மீ. நீளத்தில் பலவற்றில் வருவது இதனால்தான்.

இனிப் பற்களின் கணக்கு. முன் பற்களைப் பின் பற்களால் வகுத்து வருவதைச் சக்கரத்தின் சுற்றளவால் பெருக்கினால், பெடல் ஒரு சுற்றுச் சுற்றும்போது சைக்கிள் எவ்வளவு தூரம் நகர்கிறது என்பது கிடைக்கும். ரோடு சைக்கிள்களில் வழக்கமான 700சி அளவுச் சக்கரத்தின் சுற்றளவு டயரோடு சேர்த்து ஏறத்தாழ 2.1 மீட்டர். மலிவு மாடல்கள் பெரும்பாலும் 46-க்கு 16 என்று வருகின்றன. அதன் விகிதம் 2.875, ஒரு சுற்றுக்கு 6 மீட்டர் நகரும், நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் மணிக்கு 29 கிலோமீட்டர் வேகம். கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் சிக்னலுக்குச் சிக்னல் நின்று கிளம்புபவருக்கும், மேம்பாலத்தில் எதிர்காற்றோடு ஏறுபவருக்கும் அது முழங்காலுக்குப் பகை. 44-க்கு 18 என்றால் விகிதம் 2.44, அதே 80 சுற்றுக்கு 24 அல்லது 25 கிலோமீட்டர் வேகம் கிடைக்கும். உங்களுக்கு இதுவே போதும் என்று நினைக்கிறேன்.

வாங்கிய சைக்கிளில் 46-க்கு 16 இருந்தாலும் கவலைப்பட வேண்டியதில்லை. பின்னால் ஒரு பல் கூட்டுவது முன்னால் இரண்டரைப் பல் குறைப்பதற்கு ஏறத்தாழச் சமம் என்பதால், பின் பற்சக்கரத்தை மட்டும் 18-ஆக மாற்றினால் போதும். முன் பற்சக்கரத்தை மாற்றுவதைவிட அது மிக மலிவு. வழக்கமான அளவு மரையில் ஏறும் ஃபிரீவீல்களில் 16 பல்லுக்குக் கீழே கிடைக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஃபிக்ஸட் ஓட்டிப் பின் சக்கரத்தைச் சறுக்கவிட்டு நிறுத்தும் பழக்கம் உள்ளவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. விகிதத்தைப் பின்னமாகச் சுருக்கியபின் கீழே எந்த எண் நிற்கிறதோ, டயர் அத்தனை இடங்களில் பகிர்ந்து தேயும். 48-க்கு 16 எடுத்தால் சுருங்கி மூன்று, கீழே ஒன்று. ஒரே இடத்தில் தேய்ந்து டயர் விரைவில் போய்விடும். 46-க்கு 17 சுருங்காது. 17 இடங்களில் தேயும்.

மேம்பாலத்தின் இறக்கத்தையும் மறக்க வேண்டாம். 44-க்கு 18 ஃபிக்ஸடில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம் வந்தால் கால்கள் நிமிடத்துக்கு 130 சுற்றுச் சுற்றியாக வேண்டும். பழகாதவர் முன் பிரேக்கைத் தொட்டுத் தொட்டு வேகம் ஏறாமல் இறங்குவது நல்லது.

மூன்றாம் மறுமொழி

பழைய சைக்கிளை மாற்றுவது பற்றி யாரும் எழுதவில்லை. உங்கள் தொகைக்கு நான் முதலில் பார்க்கச் சொல்வது அதைத்தான். நல்ல எஃகு ஃபிரேம் ஒன்று பழைய விலைக்குக் கிடைத்தால், புதிய மலிவு சைக்கிளைவிட அது பல மடங்கு மேல்.

ஆனால் எல்லா ஃபிரேமும் இதற்கு ஒத்துவராது. பின் அச்சு உட்காரும் வெட்டு கிடைமட்டமாகவோ சாய்வாகவோ இருந்தால் சக்கரத்தை முன்பின்னாக நகர்த்திச் செயினை இறுக்கலாம். செங்குத்தாக இருந்தால் அது முடியாது. செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் தனியாக மாட்ட வேண்டும். டென்ஷனர் ஃபிரீவீலுக்கு மட்டும்தான் உதவும். ஃபிக்ஸடில் பின்னோக்கி அழுத்தும்போது செயினின் கீழ்ப்பகுதியில் இழுவிசை வருவதால், டென்ஷனர் வளைந்துவிடும் அல்லது செயின் கழன்றுவிடும்.

பின் சக்கரத்துக்கான இடைவெளியையும் அளந்து பாருங்கள். ஃபிக்ஸட் ஹப்பின் அகலம் வழக்கமாக 120 மி.மீ.; பழைய ரோடு ஃபிரேம்கள் 126 மி.மீ., அவற்றுக்குப் பின் வந்தவை 130 மி.மீ. எஃகு ஃபிரேமில் அச்சின் இருபுறமும் வாஷர்களைச் சேர்த்து அந்த இடைவெளியை நிரப்பிவிடலாம். அலுமினியத்தை வளைத்து ஒடுக்க மட்டும் ஒருபோதும் முயலாதீர்கள்.

மிகக் குறைந்த செலவில் முடிய வேண்டுமென்றால் ஹப்பையே மாற்ற வேண்டாம். பின்னால் கேசட் (பல பற்சக்கரங்களின் அடுக்கு) உள்ள சைக்கிளாக இருந்தால், கேசட்டைக் கழற்றிவிட்டு ஒரே ஒரு பற்சக்கரமும் இருபுறமும் ஸ்பேசர் வளையங்களும் போட்டால் ஃபிரீவீல் வகை ஒற்றை கியர் தயார். ஸ்பேசர்களை இடம் மாற்றி, முன் பற்சக்கரமும் பின் பற்சக்கரமும் ஒரே நேர்கோட்டில் வரும்வரை சரிசெய்யுங்கள். செயின் கோணலாக ஓடினால் சத்தம் வரும், பல் தேயும், ஒருநாள் கழலவும் செய்யும்.

பழைய ஃபிரேம் சிலவற்றில் 27 அங்குலச் சக்கரம் இருக்கும். அதன் டயர் அமரும் விட்டம் 630 மி.மீ.; இன்று எளிதில் கிடைக்கும் 700சி சக்கரத்தில் அது 622 மி.மீ. சக்கரத்தை மாற்றினால் பிரேக் கட்டை 4 மி.மீ. கீழே இறங்க வேண்டும். பிரேக் கட்டையைத் தாங்கும் கையில் அந்த அளவுக்கு நீளம் மிச்சம் இருக்கிறதா என்று வாங்கும் முன்பே பாருங்கள்.

கேட்டவரின் பதில்

விரிவாக எழுதிய மூவருக்கும் என் நன்றி. இப்போது என் முன்னால் இரண்டு சைக்கிள்கள் இருக்கின்றன. ஒன்று புதியது: ஃபிளிப்-ஃபிளாப் ஹப், இரண்டு பிரேக்குகள், 46-க்கு 16, ஹை-டென்சைல் எஃகு. மற்றொன்று பழைய எஃகு ரோடு சைக்கிள். பின் வெட்டு கிடைமட்டமாகத்தான் இருக்கிறது, விலையும் புதியதில் பாதிதான், ஆனால் சக்கரங்கள் கோட்டமாக ஓடுகின்றன, செயினும் துருப்பிடித்திருக்கிறது. என்னிடம் கருவி என்று சொல்ல ஒரு ஸ்பேனர்கூட இல்லை. எதை எடுப்பது?

முதல் மறுமொழி எழுதியவர்

கருவிகள் இல்லை என்று நீங்கள் எழுதியிருப்பதால் புதியதையே எடுங்கள் என்பேன். மூன்றாமவர் சொன்ன வழி சிறந்ததுதான். ஆனால் செயின், டயர், பிரேக் கட்டை, வயர் எல்லாவற்றையும் மாற்றி, சக்கரங்களுக்குக் கோட்டமும் எடுத்து, கூலியையும் சேர்த்தால் பாதி விலை முழு விலையை எட்டிவிடும். கோட்டம் ஸ்போக்ஸை இறுக்கினால் போகக்கூடியதா, அல்லது ரிம்மே அடிபட்டு வளைந்ததா என்பதைச் சுற்றிப் பார்த்தே சொல்வது கடினம். ரிம் வளைந்திருந்தால் சக்கரச் செலவும் சேரும்.

புதியதற்குப் பணம் கொடுக்கும் முன் சிலவற்றைக் கடையிலேயே பாருங்கள். கால்களை ஊன்றிச் சைக்கிளின் இருபுறமும் நில்லுங்கள். மேல் குழாய்க்கும் உங்களுக்கும் இடையே இரண்டு மூன்று விரல் இடமாவது இருக்க வேண்டும். பெடலை முன்னால் வைத்து ஹேண்டில்பாரைத் திருப்பும்போது ஷூவின் நுனி முன் சக்கரத்தில் இடிக்கிறதா என்று கவனியுங்கள். ஃபிக்ஸடில் இது மெதுவாகத் திரும்பும்போது கீழே தள்ளிவிடும். பின் சக்கரத்தைத் தூக்கிப் பெடலைச் சுற்றிக்கொண்டே செயினின் நடுப்பகுதியை விரலால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் ஆட்டம் சரியான அளவு. மலிவான முன் பற்சக்கரங்கள் முழு வட்டமாக இருப்பதில்லை. ஆகவே ஓரிடத்தில் இறுகியும் ஓரிடத்தில் தளர்ந்தும் இருக்கும். இறுகிய இடத்தில் அளந்து ஒழுங்குபடுத்த வேண்டும்.

விலை பேசும்போது பற்சக்கரத்தை 18 பல் ஃபிரீவீலாக மாற்றித் தரும்படி கேளுங்கள். பல கடைக்காரர்கள் சிறு தொகைக்கு ஒப்புக்கொள்வார்கள். மிச்சமாகும் பணத்தில் 15 மி.மீ. ஸ்பேனர், பஞ்சர் ஒட்டும் பொருள்கள், சிறிய பம்ப் ஆகியவற்றை வாங்கிக்கொள்ளுங்கள். இந்த வகைச் சைக்கிளில் பின் சக்கரம் நட்டால் இறுக்கப்பட்டிருக்கும் என்பதால், அந்த ஸ்பேனர் பையில் இல்லாமல் வழியில் பஞ்சரானால் சக்கரத்தைக் கழற்றி டியூபை மாற்ற முடியாது.

மூன்றாம் மறுமொழி எழுதியவர்

கருவி இல்லாத நிலையில் நானும் இதையே சொல்வேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். மலிவான சக்கரங்கள் இயந்திரத்தில் கோக்கப்பட்டு வருவதால் ஸ்போக்ஸ் சீராக இறுகியிருக்காது. முதல் இருநூறு முந்நூறு கிலோமீட்டர் ஓடியவுடன் ஒருமுறை கோட்டம் எடுக்கக் கொடுங்கள். அப்போதே கிராங்க் போல்ட்டையும் இறுக்கச் சொல்லுங்கள். சதுர அச்சில் உட்காரும் கிராங்க் தளர்ந்த நிலையில் ஓடினால் அதன் துளை உருண்டுவிடும். அதன்பின் எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது, கிராங்கையே மாற்ற வேண்டிவரும். பிறகு ஃபிக்ஸட் பக்கத்துக்கு மாறும் எண்ணம் வந்தால், ஓட்டத் தொடங்கும் முன் பற்சக்கரத்தைச் செயின் விப் (செயின் துண்டு பொருத்திய கைப்பிடிக் கருவி) கொண்டு நன்றாக இறுக்கி, லாக் ரிங்கையும் அதற்குரிய கொக்கி ஸ்பேனரால் இறுக்கித் தரச் சொல்லுங்கள். சிறிது தூரம் ஓட்டிய பிறகு இரண்டையும் மறுபடி இறுக்க வேண்டும். அலுமினிய ஹப்பின் மரை போவது பெரும்பாலும் இதைச் செய்யாமல் விடுவதால்தான்.