அந்தக் குளிரிலயும் ஒன்டாரியோ ஏரி உறையல்ல – நான் கண்டது

வணக்கம். நான் கல்லடி ஆள், வாவிக் கரையில பிறந்து வளந்தநான், அதால தண்ணி எண்டா எனக்கு ஒரு தனி விருப்பம். 2019 தை மாசக் கடைசியில கனடாவில, ஸ்காபரோவில மகள்ட வீட்ட போய் நிண்டநேரம் நடந்தத எழுதுறன்.

மைனஸ் 18 எண்டு போன் காட்டிச்சு. மருமகன் ஒன்டாரியோ ஏரியப் பாக்கக் கூட்டிப் போனவர், நான் நினைச்சது ஏரி முழுக்க இறுகிக் கிடக்கும் எண்டு, போய்ப் பாத்தா கடல் மாதிரி அலை அடிக்குது, மேல ஆவி பறக்குது, கரைக் கல்லுல மட்டும் ஐஸ். மார்கழி விடியக்காலை தோணியில போகக்குள்ள காத்து குளிரும், வாவிக்குள்ள கைய விட்டா வெதுவெதுப்பா இருக்குமே, அதுதான் எனக்கு ஞாபகம் வந்துது.

அடுத்த நாள் ஒரு மணித்தியாலம் வடக்க ஓடி சிம்கோ ஏரிக்குப் போனம். அங்க ஏரிக்கு மேல ஆக்கள் நடக்கிறாங்க, கொட்டில் போட்டு உள்ளுக்க இருந்து தூண்டில் போடுறாங்க! வயசான ஒருத்தர் மிசினால ஓட்டை போட்டு, அரைபட்ட ஐஸ கண்ணறைக் கரண்டியால அள்ளி அள்ளி எறிஞ்சார். கைய விட்டுப் பாத்தன், ஐஸ் ஒரு சாணுக்கு மேல மொத்தம், அதுக்குக் கீழ கறுப்புத் தண்ணி. அதுக்குள்ள இருந்து ஒரு பேர்ச் மீன் துடிக்கத் துடிக்க வந்துது.

மறுகா மருமகன்தான் விளங்கப்படுத்தினவர். தண்ணி ஆகப் பாரமா இருக்கிறது 4 டிகிரியிலயாம். மேல் தண்ணி குளிர்ந்தா பாரமாகி இறங்கும், கீழ கிடக்கிற சூடான தண்ணி மேல வரும், இப்பிடியே சுத்திச் சுத்தி எல்லாம் 4க்கு வந்தாப் பிறகுதான் மேல்தண்ணி இறங்காம நிண்டு, இன்னும் குளிர்ந்து 0வில உறையும். சிம்கோ ஆக ஆழமான இடத்திலயே 41 மீட்டர்தான், ஒன்டாரியோ 244. அவ்வளவு தண்ணியும் கோடைச் சூட்ட விட்டு முடிக்க முதல் குளிர்காலமே முடிஞ்சிரும், காத்தும் பிடிக்கிற ஐஸ உடைச்சுத் தள்ளும். கலியாண வீட்டுக் கிடாரத்துச் சோறும் கோப்பையில போட்ட சோறும் ஒண்டாவா ஆறும்?

சிம்கோ வடக்க இருக்கு, குளிர் கூட, அதுதான் எண்டு நானும் கேட்டநான். ஆனா அங்கத்தைய ஐஞ்சு பேரேரியிலயும் ஆகத் தெற்க இருக்கிற ஈரி ஏரிதான் ஆகக் கூட உறையிறதாம், அதுட சராசரி ஆழம் 19 மீட்டர்தான். அதக் கேட்டாப் பிறகுதான் எனக்கு முழுசா விளங்கிச்சு.

அக்கரைப்பற்றிலிருந்து:
உண்மதான் அண்ணன். நான் சூரிச்சில 14 வருசம் இருந்தநான், சூரிச் ஏரி 136 மீட்டர் ஆழம், ஒரு நாளும் முழுசா உறைஞ்சு காணல்ல. வேலை செஞ்ச இடத்தில ஒரு வயசான அம்மா 1963ல அந்த ஏரி உறைஞ்சு, அக்கரைக்கு நடந்தே போனத கண் கலங்கச் சொன்னவ.

கல்முனையிலிருந்து:
அப்ப ரஷ்யாவில பைக்கால்? 1642 மீட்டர், உலகத்திலயே ஆழமானது, வருசா வருசம் உறையுதே?

கல்லடி:
நல்ல கேள்வி தம்பி. அங்க சைபீரியக் குளிர், ஆழம் உறையிறதப் பிந்த வைக்கும், ஆனா குளிர் அவ்வளவு கடுமையா, அவ்வளவு நாள் நிண்டா பைக்காலாலயும் தாங்க ஏலாது. தையில பிடிச்ச ஐஸ் வைகாசி மட்டும் நிக்கும், ஏரிக்குள்ள இருக்கிற ஒல்கோன் தீவுக்கு அந்த ஐஸ்லதான் வாகனம் ஓடுது.