ஆல்டிஸ்ல எஞ்சின் லைட் விட்டு விட்டு எரியுது, வீட்டுலயே பார்க்க முடியுமா?

ஈசூன்_வாசி
வணக்கம் மக்களே. என்கிட்ட இருக்கிறது பழைய டொயோட்டா ஆல்டிஸ் 1.6, சிங்கப்பூர்ல சிஓஇ (வண்டி வெச்சுக்கிற உரிமம்) புதுப்பிச்சு ஓட்டிட்டு இருக்கேன். போன வாரத்துலேர்ந்து டேஷ்போர்டுல மஞ்சள் எஞ்சின் லைட். சும்மா எரிஞ்சுக்கிட்டே இருக்கும், ஆனா பிஐஇ எக்ஸ்பிரஸ்வேல ஏறி மிதிச்சா விட்டு விட்டு எரியுது, வண்டி இழுக்க மாட்டேங்குது, சிக்னல்ல நின்னா ஸ்டீயரிங் வரைக்கும் நடுங்குது, காலையில கிளப்பும்போது இன்னும் மோசம். ஒரு வொர்க்‌ஷாப்புல காட்டினேன், ஸ்கேனரை மாட்டிப் பார்த்துட்டு நாலு காயில் (பிளக்ல பொறி வர கரண்ட் குடுக்கிறது), நாலு பிளக், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் (எக்ஸாஸ்ட் புகையைச் சுத்தம் பண்றது) எல்லாத்தையும் மாத்தணும்னு சொல்லி ஒரு தொகை சொன்னாங்க பாருங்க, தலை சுத்திடுச்சு. என்ன கோட் (பழுதைச் சொல்ற நம்பர்) வந்துச்சுன்னு கேட்டா மட்டும் வாயே திறக்கல. அடுத்த மாசம் இன்ஸ்பெக்‌ஷன் வேற. மலேசியா ஜேபி-க்கு (ஜோகூர் பாரு) ஓட்டிட்டுப் போய் அங்க காட்டலாமா, இல்ல நாமளே என்னன்னு பார்த்துடலாமா? ஸ்பேனர் பிடிக்கத் தெரியும், அவ்ளோதான்.

பழைய_வண்டி
அண்ணே ஜேபி ஐடியாவை இப்பவே விட்டுடுங்க. பார்டர் ரூலுக்காக முக்கா டேங்க் அடிச்சுட்டு காஸ்வே பாலத்து ஜாம்ல அந்த வண்டியை உருட்டிட்டுப் போறது வேணாம். மஞ்சள் லைட் நின்னு எரிஞ்சா மெதுவா பார்த்துக்கலாம், விட்டு விட்டு எரிஞ்சா விஷயமே வேற, மிஸ்ஃபயர் ஆகுது, அதாவது ஏதோ சிலிண்டர்ல பெட்ரோல் சரியா எரியலைன்னு அர்த்தம். எரியாத பெட்ரோல் அப்படியே எக்ஸாஸ்ட்ல போய் கன்வெர்ட்டருக்குள்ள எரியும், அது சூடேறி உள்ள இருக்கிறது உருகிடும். இன்னைக்கு காயிலோட முடியிறது நாளைக்கு கன்வெர்ட்டர்ல போய் நிக்கும். எக்ஸ்பிரஸ்வேல நடுவுல அப்படி ஆச்சுன்னா காலை எடுத்துட்டு மெதுவா ஓரம் கட்டுங்க. சுத்தமா நின்னுட்டா எல்டிஏ-வோட (தரைவழிப் போக்குவரத்து ஆணையம்) இமாஸ் மீட்பு வண்டி வந்து பக்கத்துல இருக்கிற கார்பார்க் வரைக்கும் காசு வாங்காம இழுத்துட்டுப் போய் விட்டுடும். அதுக்கு அப்புறம் டோ நம்ம செலவு.

ஜூரோங்_கிங்
இதுக்கு ஏன் இவ்ளோ டென்ஷன் லா, சின்ன ஸ்கேனர் ஒண்ணு வாங்கி கோடை கிளியர் பண்ணிட்டு இன்ஸ்பெக்‌ஷன் போங்க, லைட் அணைஞ்சுடும், முடிஞ்சது.

தெம்பனிஸ்_ஸ்பேனர்
@ஜூரோங்_கிங் லைட் அணையும், மிஸ்ஃபயர் அணையுமா? எரியாத பெட்ரோல் புகையில வரும், இன்ஸ்பெக்‌ஷன்ல புகை டெஸ்ட்லயே மாட்டிக்குவார். போதாததுக்கு ஃப்ரீஸ் ஃப்ரேம்னு ஒண்ணு இருக்கு, கோட் விழுந்த நேரத்துல என்ன ஆர்பிஎம், எஞ்சின் எவ்ளோ சூடு, எவ்ளோ மிதிச்சோம்னு வண்டி குறிச்சு வெச்சிருக்கும், கிளியர் பண்ணா அதுவும் போச்சு.

@ஈசூன்_வாசி அண்ணே, ஷாப்பீ லசாடா மாதிரி ஆன்லைன் கடைல ஈஎல்எம்327-னு கோட் படிக்கிற சின்ன டப்பா கிடைக்கும். ஆண்ட்ராய்டுனா சாதாரண புளூடூத்தே போதும், ஐபோன்னா வைஃபை, இல்லைன்னா பிஎல்இ (கம்மி கரண்ட் புளூடூத்) மாடல்தான் வேலை செய்யும், பார்த்து வாங்குங்க. ஸ்டீயரிங்குக்குக் கீழ, காலுக்கு மேல குனிஞ்சு பார்த்தா 16 பின் சாக்கெட் இருக்கும், அதுல சொருகி, எஞ்சினைக் கிளப்பாம சாவியை ஆன்ல மட்டும் வெச்சு, போன்ல கார் ஸ்கேனர் ஆப், இல்லைன்னா டார்க் ஆப்ல படிங்க. வர்றதை எல்லாம் ஃபோட்டோ எடுத்துக்கோங்க. வேலை முடிஞ்சா டப்பாவைக் கழட்டிடுங்க, சொருகியே வெச்சா கொஞ்சம் கொஞ்சமா பேட்டரியைத் தின்னும்.

பி0301-லேர்ந்து பி0304 வரைக்கும் ஏதாவது வந்தா கடைசி நம்பர்தான் சிலிண்டர். பி0300-னா எதுன்னு நிலையா இல்லாம மாறி மாறி அடிக்குதுன்னு அர்த்தம், கூட பி0171-ம் (காத்து அதிகம், பெட்ரோல் கம்மி) இருந்தா காத்து எங்கேயாவது ஒழுகுதான்னு, உள்ள போற காத்தை அளக்குற மாஸ் ஏர் சென்சார் அழுக்கான்னு பாருங்க. ஆனா கோட் வந்ததால அந்தப் பார்ட் போச்சுன்னு நினைச்சுடாதீங்க, எங்க தேடணும்னு மட்டும்தான் அது சொல்லும்.

இனி நிஜமான டெஸ்ட். எஞ்சின் நல்லா ஆறட்டும். மேல கவரைத் தூக்கினா நாலு காயில் வரிசையா நிக்கும், ஒவ்வொண்ணுக்கும் ஒரே 10 எம்எம் போல்ட். பெல்ட் இருக்கிற பக்கம் ஒண்ணாம் சிலிண்டர். கனெக்டர் கிளிப்பை மெதுவா அமுக்குங்க, இத்தனை வருஷ சூட்டுல அந்த பிளாஸ்டிக் அப்பளம் மாதிரி நொறுங்கும். வயரைப் பிடிச்சு இழுக்காதீங்க, காயிலை லேசாத் திருப்பி மேல தூக்குங்க. கோட் சொல்ற சிலிண்டரோட காயிலை இன்னொண்ணோட மாத்திப் போட்டு, அதுக்கு அப்புறம் கோடை கிளியர் பண்ணிட்டு பக்கத்துத் தெருவுல ஒரு சுத்து சுத்திட்டு மறுபடி படிங்க. கோட் காயில் கூடவே நகர்ந்துச்சுன்னா காயில் போச்சு. நகராம அங்கேயே நின்னா பிளக்கை இதே மாதிரி மாத்திப் பாருங்க. அப்பவும் நகரலைன்னா இன்ஜெக்டரா கம்ப்ரஷனான்னு வொர்க்‌ஷாப்தான் பார்க்கணும், ஆனா அப்போ கையில ஆதாரத்தோட போவீங்க.

பொங்கோல்_அக்கா
கேள்விக்குச் சம்பந்தம் இல்லன்னாலும் சொல்றேன், இதைப் படிச்சுட்டு யாரும் எல்லா லைட்டுக்கும் ஸ்கேனரைத் தூக்காதீங்க. ஏபிஎஸ், பவர் ஸ்டீயரிங், டிராக்‌ஷன் எல்லாம் ஒரே நேரத்துல எரிஞ்சா முதல்ல பேட்டரியைப் பாருங்க. இந்த ஊர் வெயில்ல ரெண்டு மூணு வருஷத்துல பேட்டரி தளர்ந்துடும். சிம் லிம் டவர்ல ஒரு மல்ட்டிமீட்டர் வாங்கி வெச்சுக்கோங்க. வண்டி ராத்திரி முழுக்க நின்னதும் 12.6 வோல்ட் கிட்ட காட்டணும், 12.2-க்குக் கீழ போனா சந்தேகம். கிளப்பினதும் 13.7-லேர்ந்து 14.5 வரைக்கும் வரணும், ஏறவே இல்லைன்னா ஆல்டர்னேட்டர். சிவப்புல எண்ணெய் விளக்கு எரிஞ்சா மட்டும் கோட், ஆப் எதுவும் வேணாம் தம்பிகளா, எஞ்சினை உடனே ஆஃப் பண்ணுங்க.

ஈசூன்_வாசி
ரொம்ப நன்றி எல்லாருக்கும். ஸ்கேனர் வந்துடுச்சு, பி0302 மட்டும்தான் காட்டுச்சு, கன்வெர்ட்டருக்கான பி0420 இல்ல. ரெண்டாவது காயிலை மூணாவதோட மாத்தினேன், ஒரு சுத்து ஓட்டிட்டுப் பார்த்தா பி0303! கழட்டும்போது அந்தக் காயிலோட ரப்பர் குழாய்ல மேலேர்ந்து கீழ வரைக்கும் வெள்ளையா ஒரு மெல்லிய கோடு, நகத்தால சுரண்டினாலும் போகல. பிளக் குழிக்குள்ள லேசா எண்ணெய் வேற. இப்போ நாலு காயிலும் மாத்தணுமா ஒண்ணு போதுமா?

தெம்பனிஸ்_ஸ்பேனர்
அந்த வெள்ளைக் கோட்டு வழியாத்தான் பொறி வெளியே தாவிக்கிட்டு இருந்திருக்கு அண்ணே. காயில் ஒண்ணு போதும், டென்சோ பிராண்ட் வாங்குங்க, ஆனா ஆன்லைன்ல போலி நிறைய, ரொம்ப மலிவா இருந்தாலே ஒதுங்கிடுங்க. பிளக் எப்போ மாத்தினதுன்னு தெரியலைன்னா நாலையும் போட்டுடுங்க, முதல்ல கையாலயே திருகி உள்ள இறக்குங்க, ஹெட் அலுமினியம், மரை போச்சுன்னா செலவு எங்கேயோ போய் நிக்கும். குழிக்குள்ள எண்ணெய்னா வால்வ் கவர் கேஸ்கெட் (எஞ்சின் மேல் மூடியோட சீல்) ஒழுகுது, அதை விட்டா புதுக் காயில் ரப்பரும் ஊறிப் போயிடும், ரெண்டையும் ஒண்ணா முடிங்க. கன்வெர்ட்டரை இப்போ தொடாதீங்க. லைட் அணைஞ்ச பிறகு ரெண்டு வாரம் ஓட்டுங்க, பி0420 வந்தா இங்க போடுங்க, அப்பவும் முதல்ல ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்துட்டுத்தான் மத்தது.