மன்னார் வளைகுடா: வலையா, கப்பலா?

நெய்தல்செல்வி: நேத்து இங்க ஒருத்தர் எழுதிட்டுப் போயிருக்கார்: "மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவுல கிடக்குற மைக்ரோபிளாஸ்டிக் முழுக்க மீனவர் விட்ட வலைதான்." முழுக்கவாம்! 2025 மே 25, கொச்சிக்கு வெளியே பிளாஸ்டிக் உருண்டை ஏத்திட்டு வந்த எல்சா 3 கப்பல் மூழ்குனப்ப ஐயா எங்க தூங்கிட்டு இருந்தீங்க?

கணக்கன்74: எழுதினது நான்தான், ஒளிஞ்சிக்கல. கப்பல் மூழ்கினது கேரளக் கடல்ல. நான் பேசறது மன்னார் வளைகுடா. வரைபடம் பாருங்க அம்மணி.

பாம்பன்காரன்: வரைபடத்த நீங்க வச்சுக்கங்க. கச்சான், அதான் மேல்காத்து, அடிக்கிற மாசம் மேற்குக் கரை நீரோட்டம் தெக்க இறங்கி குமரியச் சுத்தி வரும். அந்த ஜூன்ல தனுஷ்கோடில உருண்டை ஒதுங்குச்சு. ஜவ்வரிசி மாதிரி, வெள்ளையா. நானே பொறுக்குனேன். ஈர மணலு சல்லடைல இறங்காது. வாளில அள்ளிப் போட்டு தண்ணி ஊத்திக் கலக்குனா மணல் அடில தங்கும், உருண்டை மேல மிதக்கும். ஒரு வாளிக்கு ஒரு கை நிறைய. வலை உருண்டையாவா பிய்யும்?

கணக்கன்74: ஒரு வாளிய வச்சு 560 சதுர கிலோமீட்டர் பூங்காவுக்கே தீர்ப்பா?

ஆய்வகஎலி: 5 மில்லிமீட்டருக்குக் கீழ இருந்தா உருண்டை, நார், துகள் எல்லாமே மைக்ரோபிளாஸ்டிக்தான். மொதல்ல எதைப் பத்திப் பேசறோம்னு முடிவு பண்ணிட்டு...

பாம்பன்காரன்: தம்பி, அதெல்லாம் அப்புறம். அண்ணாச்சி பதில் சொல்லட்டும். தங்கூசி, அதான் ஒத்த நரம்பு நைலான் வலை, தண்ணில தாழும். வாளில மிதந்தது என்ன?

கணக்கன்74: விசைப்படகு இழுக்குற மடி வலை நைலானா? பாலித்தீன். கயிறும் அப்படித்தான். அதெல்லாம் ஜோரா மிதக்கும்.

பாம்பன்காரன்: ஆங், இப்ப வந்தீங்க வழிக்கு! விசைப்படகுன்னு சொல்லுங்க. நேத்து "மீனவர்"னு மொத்தமாப் போட்டீங்களே. நாங்க நாட்டுப்படகு.

மண்டபம்மைந்தன்: விசைப்படகுக்காரன் மீனவன் இல்லியா மாமா? பழி போடணும்னா மட்டும் நாங்க ஞாபகத்துக்கு வருவோம்! கரை ஓரமா கெடக்குற தங்கூசியெல்லாம் யாரு விட்டது?

பாம்பன்காரன்: மருமகனே, கடல் அட்டை விவாதத்துல வாங்குன அடி இன்னும் ஆறலயா?

மண்டபம்மைந்தன்: 2001ல கடல் அட்டை பிடிக்கத் தடை வந்தப்பவும் நீங்க இதே மாதிரிதான் எங்கள மட்டும் கைகாட்டுனீங்க. மறக்கல.

நெய்தல்செல்வி: இவங்க சண்டைய விடுங்க. 2021ல கொழும்புக்கு வெளியே எரிஞ்ச எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பலோட சுமார் 1,680 டன் உருண்டையும் வலைக் கணக்குலதானா, கணக்கரே?

கணக்கன்74: அது இலங்கை. மறுபடியும் வரைபடம்.

பாம்பன்காரன்: கடல் பாஸ்போர்ட் கேக்குமா? வாளில மிதந்தது என்னன்னு இன்னும் பதில் வரல.

ஆய்வகஎலி: தனுஷ்கோடிக்கு வர்ற சுற்றுலாக்காரங்க விடற தண்ணி பாட்டிலும் வெயில்ல நொறுங்கித்தான் துகளாகுது. 2019 ஜனவரி 1ல வந்த பிளாஸ்டிக் தடைக்கு அப்பறமும் கடைல பை...

கணக்கன்74: தம்பி, குறுக்க வராதீங்க. பூங்காவோட 21 தீவையும் சுத்திப் பார்த்தவன் நான். எங்க பார்த்தாலும் வலைதான் சிக்கிக் கிடக்கு.

பாம்பன்காரன்: 21ஆ? பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் எப்பவோ முழுகிப்போச்சு. அந்த ரெண்டையும் எப்படிச் சுத்துனீங்க, முங்கு நீச்சல்லயா?

கணக்கன்74: பூங்காவ அறிவிச்ச 1986 அரசாணைல 21தான் இருக்கு.

பாம்பன்காரன்: அரசாணைல மிதக்குது, சரி. என் வாளில மிதந்தது?

மண்டபம்மைந்தன்: அந்த வாளிய விடவே மாட்டாரு. மாமா, அது யாரு வாளி? போன வருசம் எங்க படகுல காணாமப் போன நீல வாளியா?