எரிசிக்தோனின் பசியைத் தமிழில் எப்படிச் சொல்வது?

அனைவருக்கும் வணக்கம். ரோமானியக் கவிஞர் ஓவிட் தம் 'உருமாற்றங்கள்' காவியத்தின் 8-ஆம் காண்டத்தில் பாடியுள்ள எரிசிக்தோன் கதையைத் தமிழாக்கி வருகிறேன். விளைச்சல் தெய்வமான சீரிஸின் புனித ஓக் மரத்தை, கோடரி பட்ட இடத்தில் குருதி வழிவதைக் கண்ட பின்னும் வெட்டிச் சாய்த்த அவன், தீராப் பசிக்கு ஆளாகி, உடைமைகளை உண்டழித்து, பெற்ற மகளையும் விற்று, இறுதியில் தன் உடலையே தின்கிறான். காடழிப்பையும் அடங்கா நுகர்வையும் பற்றிய இன்றைய விவாதத்துக்கு இதைவிடக் கூர்மையான உருவகத்தை நான் கண்டதில்லை.

அவனுள் புகும் பசியை ஓவிட் 'ஃபாமெஸ்' என்னும் பெண்ணாகவே காட்டுகிறார். குழிவிழுந்த கண்களும் தோலின்வழித் தெரியும் குடலும் கொண்டவள் அவள். 'பசி' என்பது வலுவற்றதாகத் தோன்றுகிறது. மணிமேகலையில் காயசண்டிகையை வாட்டும் தீராப் பசிநோயான 'யானைத்தீ' இவளுக்குப் பெயராகப் பொருந்துமா, அல்லது அது நோயை மட்டுமே உணர்த்துமா? இலத்தீனும் பழந்தமிழும் அறிந்தோர் உதவ வேண்டுகிறேன்.