புதுப்பிப்பு: சோலர் சுடுதண்ணீர் பைப்பில் காற்று அடைப்பு, சரியாகிவிட்டது (நுவரெலியா)

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கூரைத் தாங்கியில் தண்ணீர் நிறைய இருந்தும் குளியலறைச் சுடுதண்ணீர்க் குழாய் இருமிவிட்டு நின்றுவிடுகிறது என்று கேட்டிருந்தேன். ஹீட்டரையே மாற்றச் சொன்னார் பிளம்பர், தேவைப்படவில்லை.

வேலை செய்தது, பதில் போட்டவர்களில் ஹட்டன்காரர் ஒருவர் சொன்ன வழிதான். மெயின் லைன் (தெருவிலிருந்து அழுத்தத்தோடு நேராக வரும் தண்ணீர்) குழாயையும் சுடுதண்ணீர்க் குழாயையும் ஹோஸால் இணைத்து இரண்டையும் திறந்தால், காற்று மேலே தள்ளப்பட்டு வென்ட் பைப் (காற்று போக மேலே திறந்து விட்டிருக்கும் பைப்) வழியாக வெளியேறிவிடும். கூரைத் தாங்கியிலிருந்து வரும் பச்சைத் தண்ணீர்க் குழாய் இதற்கு உதவாது. இரண்டு பக்கமும் ஒரே அழுத்தம்தானே. வென்ட் பைப் இல்லாதவர்கள் இதைச் செய்ய வேண்டாம்.

எதிர்பாராதது என்னவென்றால், கொஞ்ச நாளில் காற்று திரும்பவும் பிடித்தது. கூரையில் பைப் ஓரிடத்தில் கூன்போட்டுக் கிடந்தது. சூடாகும்போது தண்ணீரிலிருந்து பிரியும் காற்று அங்கேதான் தேங்கியிருக்கிறது. கிளிப்புகளைக் கழற்றி, தாங்கி வரை ஒரே ஏற்றமாகப் பூட்டினோம். அப்புறம் தொல்லை இல்லை.