பூசம் 4-ஆ, ஆயில்யம் 1-ஆ? விளங்குளம் போறதா, நண்டாங்கோயில் போறதா?

கம்பம் ஏறினவன்:

எல்லாருக்கும் வணக்கம். இத்தனை நாள் இங்க படிக்கிறதோட சரி, எழுதினதில்லை. பிழை இருந்தா பொறுத்துக்கோங்க.

நான் கரண்டு ஆபீஸ்ல லைன்மேனா இருந்து ரிட்டையர் ஆனவன். ஒரே பொண்ணு, 27 முடியப் போகுது. பொறந்தப்போ எங்க ஊர் ஜோசியர் பாம்புப் பஞ்சாங்கம் (பழைய வாக்கியக் கணக்கு) பார்த்து ஒரு நோட்டுல கணிச்சுக் கொடுத்தார். அதுல கடக ராசி, ஆயில்யம் 1ம் பாதம், புதன் தசை இருப்பு (பொறந்தப்போ அந்த தசையில பாக்கி இருந்தது) 16 வருஷம் 8 மாசம். ஓரத்துல மஞ்சள் தடவின பக்கம், இன்னும் மஞ்சள் போகலை.

ரெண்டு வருஷமா வரன் பார்க்கிறோம். போன்ல பேச்சு நல்லாத்தான் ஆரம்பிக்கும். படிப்பு, வேலை, உயரம் எல்லாம் கேட்டுட்டு "நட்சத்திரம்?"னு வரும். ஆயில்யம்னு சொன்னதும் அந்தப் பக்கம் ஒரு நொடி சத்தமே இருக்காது. லைன் ட்ரிப் ஆன மாதிரி. அப்புறம் "வீட்ல கலந்துக்கிட்டு சொல்றோம்". கலந்துக்கிட்டு யாரும் சொன்னதில்லை. ஆயில்யம் மாமியாருக்கு ஆகாதாம். ஒரு புரோக்கர் எங்க வீட்டுல உட்கார்ந்து காபி குடிச்சுக்கிட்டே, "அம்மா இல்லாத பையனா பார்த்தா சட்டுனு முடிஞ்சிடும் சார்"ன்னார். பொண்ணு உள்ள சாப்பிட்டுக்கிட்டு இருந்தா. பாதி சாப்பாட்டுல கை கழுவிட்டா.

அதே ஆள் போன மாசம் வேற வழி சொன்னார். கம்ப்யூட்டர்ல திருக்கணிதப்படி (கிரகம் வானத்துல நிஜமா நிக்கிற இடத்தை வச்சுப் போடுற கணக்கு) போட்டா பூசம் 4ம் பாதம், சனி தசை இருப்பு 2 மாசம்னு வருது. "இதையே ப்ரிண்ட் எடுத்துக் கொடுங்க, நோட்டை பீரோவுல வைங்க"ங்கிறார். எனக்கு மனசு ஒப்பலை. ஆனா எது நிஜம்னும் தெரியலை. பிரசவம் பார்த்த நர்ஸ் சீட்டுல 5.40ன்னு எழுதிக் கொடுத்தாங்க. அந்த வார்டு கடிகாரம் சரியா ஓடுச்சா இல்லையான்னு அன்னைக்கு யார் பார்த்தா?

இப்ப வீட்டுக்காரி ஜென்ம நட்சத்திரக் கோயிலுக்குப் போகணும்னு நிக்கிறா. பூசம்னா பேராவூரணி பக்கம் விளங்குளம். ஆயில்யம்னா கும்பகோணம் பக்கம் நண்டாங்கோயில். ரெண்டுக்கும் போக எனக்கு முட்டி ஒத்துழைக்காது (கம்பம் ஏறின முட்டி). பொண்ணு, "கோயிலுக்குன்னா வரேன், பரிகாரம்னா வரலை"ன்னு சொல்லிட்டா. எது போகலாம்? போனவங்க சொல்லுங்க.

வடகரைக்காரன்:

அண்ணே, நான் திருவிசநல்லூர்ல பொறந்து வளர்ந்தவன். நண்டாங்கோயில் எங்களுக்கு சைக்கிள் மிதிக்கிற தூரம். அதனால என் பேச்சுல கொஞ்சம் ஊர்ப்பாசம் இருக்கும், கழிச்சுக்கோங்க.

பேருல குழம்பிடாதீங்க. தேவாரத்துல திருந்துதேவன்குடி. போர்டுலயும் புஸ்தகத்துலயும் விதவிதமா எழுதுவாங்க. ஆட்டோக்காரர்கிட்ட "நண்டாங்கோயில்"னு சொன்னாத்தான் நேரா கொண்டுபோய் விடுவார். கும்பகோணத்துல பஸ் ஏறி திருவிசநல்லூர்ல இறங்குங்க. அங்கிருந்து ரெண்டு கிலோமீட்டர் வாக்கில் உள்ள போகணும். கோயிலைச் சுத்தி ஊர்னு சொல்ல ஒண்ணும் கிடையாது. வயல், நடுவுல அகழி, அதுக்குள்ள கோயில். முதல் தடவை வர்றவங்க வழி தப்பிட்டோம்னு நினைச்சுத் திரும்பிப் போயிருக்காங்க. பூக்கடை, காபிக்கடை எதையும் நம்பி வராதீங்க. பூ, பழம், ஒரு சின்ன பாட்டில் நல்லெண்ணெய் கும்பகோணத்துலயே வாங்கிக்கோங்க.

சாமி பேர் கற்கடேஸ்வரர். நண்டு வந்து பூஜை பண்ணின தலம். இந்திரன் தாமரைப் பூவா எண்ணி எண்ணி அர்ச்சனைக்கு வைக்க, தினம் ஒரு பூ குறைஞ்சுக்கிட்டே வந்துச்சாம். பார்த்தா ஒரு நண்டு அதுல ஒரு பூவை எடுத்துக்கிட்டுப் போய் லிங்கத்து மேல ஏறி வைக்குது. கோபத்துல வாளை ஓங்கினான். அதுக்குள்ள லிங்கத்துல ஒரு வளை விழுந்து நண்டு உள்ள போயிடுச்சு, வெட்டு லிங்கத்து மேல பட்டுச்சு. தீபாராதனை முடிஞ்சதும் கேளுங்க, அந்தத் துளையையும் தழும்பையும் குருக்கள் காட்டுவார். நான் பள்ளிக்கூடத்துல படிக்கிறப்போ அதை எட்டிப் பார்த்துட்டு, வர்ற வழியில வரப்புல நண்டு வளை பார்த்தாலே கன்னத்துல போட்டுக்குவேன். எங்க அப்பா விவசாயி. நாத்தங்கால்ல நண்டு கடிச்சு வச்சா அவர் போடுற வசவு வேற மாதிரி இருக்கும்.

அம்பாள் ரெண்டு பேர். அருமருந்து நாயகி, அபூர்வநாயகி. பேரைக் கேட்டாலே தெரியும், இது வியாதிக்கு வேண்டிக்கிற கோயில். சாமிக்கு நல்லெண்ணெய் அபிஷேகம் பண்ணி அந்த எண்ணெயை மருந்தா கொடுப்பாங்க. சம்பந்தர் பதிகமே "மருந்து வேண்டில் இவை, மந்திரங்கள் இவை"ன்னுதான் ஆரம்பிக்குது. கொல்லிப் பண். மூணாம் திருமுறையில 25வது பதிகம். அதுக்கு முந்தின 24வது என்ன தெரியுமா? "மண்ணில் நல்ல வண்ணம் வாழலாம்". கல்யாண வீட்டுல ஓதுவாங்களே, அதேதான். நீங்க கேட்ட விஷயத்துக்குப் பக்கத்து வீடு.

ஒண்ணு மட்டும் சொல்லிடறேன், யாரும் சண்டைக்கு வராதீங்க. 27 நட்சத்திரத்துக்கும் 27 கோயில்ங்கிற பட்டியல் நான் சின்னப் பையனா இருந்தப்போ எங்க ஊர்ல யார் வாயிலயும் வந்ததில்லை. நண்டு, அதனால கடகம், கடகத்துல ஆயில்யம், இப்படித்தான் கோத்திருக்காங்க. பட்டியல் வந்தப்புறம் ஆயில்யத்தன்னிக்கு வேன் வேனா ஜனம் வருது. விளக்கெரிய வழி இல்லாம கிடந்த கோயிலுக்கு அது நல்லதுதான். ஆனா எங்க ஆத்தாவுக்கு நட்சத்திரமே தெரியாது. தீராத வயித்துவலின்னு நடந்தே போய் எண்ணெய் வாங்கிட்டு வரும்.

பஞ்சாங்கப் பைத்தியம்:

வணக்கம் ஐயா. நான் தொழில்முறை ஜோசியன் இல்லை, கணக்குல ஆசை, அவ்வளவுதான்.

உங்க நோட்டும் கம்ப்யூட்டரும் ரெண்டுமே பொய் சொல்லலை. கடகத்துல 16 பாகை 40 கலை, அங்கேதான் பூசம் முடிஞ்சு ஆயில்யம் ஆரம்பிக்கும். உங்க பொண்ணு பொறந்தப்போ சந்திரன் அந்தக் கோட்டுக்கு மேலேயே நின்னிருக்கு. சனி தசை மொத்தம் 19 வருஷம். அதுல 2 மாசம் பாக்கின்னா பூசம் முடிய ஏறக்குறைய கால் மணி நேரம்தான் இருந்திருக்கு. புதன் தசை 17 வருஷம். அதுல 4 மாசம் கழிஞ்சிருக்குன்னா ஆயில்யம் ஆரம்பிச்சு அரை மணி ஆகியிருக்கு. ஆக ரெண்டு பஞ்சாங்கத்துக்கும் வித்தியாசம் முக்கால் மணிதான். வாக்கியத்துக்கும் திருக்கணிதத்துக்கும் இது சர்வசாதாரணம், சில நாள் இதைவிட அதிகமும் வரும். பலன்னு பார்த்தா எப்படிப் போட்டாலும் முதல் பொறந்தநாளுக்கு முன்னாடியே புதன் தசை வந்துடுது.

கோயில்கள்ல பெரும்பாலும் வாக்கியம்தான். உங்க குடும்பத்துல எல்லா விசேஷமும் அதை வச்சே நடந்திருந்தா, பொண்ணுக்கு மட்டும் ஏன் மாத்தணும்?

இன்னொண்ணு, உங்களுக்கு யாரும் சொல்லலை போல. அந்த மாமியார் பேச்சை நம்புற ஜோசியர்கள்லயே பல பேர் ஆயில்யம் முதல் பாதத்துக்கு அது கிடையாதுன்னு விலக்கிடுவாங்க. உங்க பொண்ணு முதல் பாதம். எனக்கு இந்தப் பேச்சுலயே நம்பிக்கை இல்லைங்கிறது வேற விஷயம். ஒரு பொண்ணு பொறந்த நேரத்துக்கும் எங்கேயோ இருக்கிற யாரோ ஒரு அம்மாவோட ஆயுசுக்கும் என்ன சம்பந்தம்? அந்த அம்மாவுக்குன்னு ஒரு ஜாதகம் இல்லையா?

வால்மீகி ராமாயணம் பாலகாண்டத்துல ராமர் புனர்பூசம், பரதன் பூசம், சுமித்திரைக்குப் பொறந்த ரெண்டு பேரும் ஆயில்யம். உங்க பொண்ணு பரதனுக்கும் லட்சுமணனுக்கும் நடுவுல நிக்குது ஐயா. எந்தப் பக்கம் சாஞ்சாலும் நஷ்டமில்லை.

பட்டுக்கோட்டை மாப்பிள்ளை:

விளங்குளம் போயிருக்கேன். அட்சயபுரீஸ்வரர் கோயில். சனீஸ்வரர் ரெண்டு மனைவியோட கல்யாணக் கோலத்துல இருப்பார். கால் ஊனமான சனி பகவானுக்கு அங்கதான் குணமாச்சும்பாங்க, பூச நட்சத்திரமும் அட்சய திருதியையும் கூடின நாள்ல. அமைதியான ஊர். முட்டி வலின்னு எழுதியிருக்கீங்க, அந்தக் கணக்குல உங்களுக்கே பொருத்தம்! தை மாசம் பூசத்தன்னிக்கு விளங்குளம், மறுநாள் ஆயில்யம் நண்டாங்கோயில்னு ராத்திரி கும்பகோணத்துல தங்கி ரெண்டையும் முடிச்சிடலாமே.

அடுக்களை ஆயில்யம்:

அண்ணா, நானும் ஆயில்யம்தான், 3ம் பாதம். விலக்கும் கிடையாது ஒண்ணும் கிடையாது, முழுசா நிக்கிறேன். என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்போ என் மாமியார் கேட்ட ஒரே கேள்வி, "மாவு உப்புப் போட்டுக் கரைப்பியா, காலைல போடுவியா?" நட்சத்திரம் அவங்களுக்குத் தெரிஞ்சது நிச்சயதார்த்தத்துக்கு அப்புறம். தெரிஞ்சதும் அவங்க நாத்தனார் குதிச்சாங்க. இவங்க, "என் உசுரு என் கையில இல்ல, அவ கையிலயா இருக்கு"ன்னு வெத்தலை மடிச்சுக்கிட்டே சொல்லிட்டாங்களாம். எனக்குக் கல்யாணமாகி 22 வருஷம். அவங்களுக்கு 79. இன்னைக்குக் காலைல சட்னில காரம் பத்தலைன்னு என்கிட்ட சண்டை.

நட்சத்திரத்தை மட்டும் மாத்திக் கொடுக்காதீங்க அண்ணா. எங்க சொந்தத்துல ஒருத்தர் பொண்ணோட மூல நட்சத்திரத்தை (அது மாமனாருக்கு ஆகாதும்பாங்க) மறைச்சுக் கட்டிக் கொடுத்தாங்க. மாமனாருக்கு மூணாம் வருஷம் சர்க்கரை ஏறி கால்ல புண் வந்துச்சு. பழைய நோட்டு எப்படியோ வெளியில வந்து, அவர் அறுபது வருஷமா தின்ன இனிப்புக்கு எல்லாம் அந்தப் பொண்ணு பதில் சொல்ல வேண்டியதாப் போச்சு. ஆயில்யம்னு கேட்டதும் போனை வைக்கிற வீடு, நாளைக்கு ஒரு தும்மலுக்கும் உங்க பொண்ணைத்தான் பார்க்கும். வச்சிட்டுப் போகட்டும்.

அந்தப் புரோக்கருக்கு இனிமே காபி போடாதீங்க.

கம்பம் ஏறினவன்:

பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. ஒரு மாசம் கழிச்சு எழுதறேன்.

நண்டாங்கோயில் போயிட்டு வந்தோம். வீட்டுக்காரிக்கு அடுக்களை ஆயில்யம் அம்மா எழுதினதைப் படிச்சுக் காட்டினேன். அவ விளங்குளத்தை விட்டுட்டு, வடகரைத் தம்பி சொன்ன எண்ணெய் பாட்டிலைத் தேடிக் கிளம்பிட்டா. ஆயில்யத்தன்னிக்குக் கூட்டம்னு சொன்னதால சாதாரண ஒரு புதன்கிழமை காலைல போனோம். எங்களைத் தவிர ஒரு குடும்பம்தான். வயல்ல ரெண்டாம் களை எடுத்துக்கிட்டு இருந்தாங்க. அகழியோரம் எங்க லைன் ஒண்ணு தாழ்வா தொங்குது, அது என் கண்ணுக்குத்தான் தெரியும்.

அர்ச்சனைத் தட்டை வாங்கின குருக்கள் "நட்சத்திரம்?"னார். எனக்கு வாய் வரலை. இத்தனை நாள் போன்ல சொல்லிச் சொல்லி அந்த வார்த்தைக்கே கூசிப்போயிருந்தேன். அதுவும் இல்லாம பூசமா ஆயில்யமான்னு உள்ளுக்குள்ள இன்னும் ஓடுது. பொண்ணு எனக்கு முன்னாடியே "ஆயில்யம், கடக ராசி"ன்னா, ரேஷன் கார்டு நம்பர் சொல்ற மாதிரி. அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கலை. "இங்க வர்றவா முக்கால்வாசி அதானேம்மா"ன்னு உள்ள போயிட்டார்.

கற்பூர வெளிச்சத்துல அந்தத் துளையைக் காட்டினார். நான் நினைச்சதைவிடச் சின்னது. பொண்ணு ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டு நின்னா. வெளியில வந்து, "அந்த நண்டுக்கு எந்த நட்சத்திரம்னு சாமி கேட்கலை பாருப்பா"ன்னா. கிண்டலா, நிஜமா, எனக்குப் புரியலை.

வரன் இன்னும் அமையலை. நோட்டு ஜெராக்ஸைத்தான் கொடுத்துக்கிட்டு இருக்கேன், ஆயில்யம் முதல் பாதம்னே. போன வாரம் ஒரு வீட்டுல அந்த அம்மாவே கூப்பிட்டு ஒரு மணி நேரம் பேசினாங்க. பார்க்கலாம்.

பிரசாத எண்ணெய் பாட்டில் மூடி சரியில்லை. பை முழுக்க ஒழுகி என் ரெண்டு வேட்டியும் போச்சு. மிச்சம் இருந்ததை முட்டியில தேய்ச்சுக்கிட்டு இருக்கேன்.