ஊசி கலக்கும் தண்ணீர் தீரப்போகிறது. எல்லா மருந்தையும் சலைனில் கலக்கலாமா?

வார்டு மிஸ்ஸி:
வணக்கம். மலேசியாவில் பேராக் மாநிலத்தில் ஒரு எஸ்டேட் டவுன், சின்னத் தனியார் ஆஸ்பத்திரி, குழந்தைகள் வார்டில் நர்ஸ் நான். பொடி மருந்து கலக்கும் வாட்டர் ஃபார் இன்ஜெக்‌ஷன் ஆம்பியூல் கடைசிப் பெட்டிக்கு வந்துவிட்டது. ஈப்போவிலிருந்து அடுத்த வாரம்தான் சரக்கு வருமாம். நார்மல் சலைன் (உப்பு நீர்) ஆம்பியூல் நிறைய இருக்கிறது. செஃப்ட்ரியாக்ஸோன், ஆம்பிசிலின், எரித்ரோமைசின் என்ற மூன்று ஆன்டிபயாட்டிக்கும் தினமும் போடுகிறோம். எல்லாவற்றையும் சலைனில் கலக்கலாமா? ஸ்டோரில் 30 மில்லி பாக்டீரியோஸ்டாட்டிக் (கிருமி வளராமல் தடுக்கும்) தண்ணீர் வயல், அதாவது மருந்துக் குப்பி, இருக்கிறது, அதை எடுக்கலாமா? பிறந்து 12 நாளான பிள்ளையும் வார்டில் இருக்கிறது, அதனால்தான் பயமாக இருக்கிறது.

பார்மசி அண்ணன்:
தங்கச்சி, முதலில் அந்த 30 மில்லி வயலை வார்டு பக்கமே வராமல் பாருங்கள். கெடாமல் இருக்க அதில் பென்சைல் ஆல்கஹால் சேர்த்திருப்பார்கள். பச்சைப் பிள்ளையின் உடம்பால் அதைச் சமாளிக்க முடியாது. இரத்தத்தில் அமிலம் ஏறி மூச்சுத் திணறும். அமெரிக்காவில் அப்படிப்பட்ட சலைனால் குழாய் கழுவி, மருந்தும் கலக்கி, குறைமாதக் குழந்தைகள் இறந்ததை 1982-இல் கண்டுபிடித்தார்கள்.

செஃப்ட்ரியாக்ஸோன் நரம்பு ஊசியைச் சலைனில் கலக்கலாம். ஆம்பிசிலினும் சரி, ஆனால் கலந்த உடனே போட்டுவிட வேண்டும். எரித்ரோமைசின் பொடி மட்டும் முதலில் தண்ணீரில்தான் கரைய வேண்டும், நேராகச் சலைன் விட்டால் படிந்து போகும். கரைந்த பிறகு சலைன் சேர்த்து நீர்த்துக்கொள்ளலாம். ஆகவே மிச்சம் இருக்கும் தண்ணீர் ஆம்பியூலை அதற்கு ஒதுக்கி வையுங்கள்.

இன்னொன்று. அந்த 12 நாள் பிள்ளைக்குக் கால்சியம் கலந்த டிரிப் ஓடினால் செஃப்ட்ரியாக்ஸோன் கூடவே கூடாது. மஞ்சள் காமாலை இருந்தாலும் வேண்டாம். டாக்டரிடம் உடனே கேளுங்கள்.

ஓய்வு பெற்ற சிஸ்டர்:
அம்மா, தட்டுப்பாடு வந்தால் ஒரு ஆம்பியூலை மூன்று பிள்ளைகளுக்குப் பங்கு போடச் சொல்வார்கள். விடாதே. அதில் கிருமி தடுக்கும் மருந்து எதுவும் இல்லை, திறந்தால் ஒரு தடவைதான். காயம் கழுவும் பெரிய பாட்டில் தண்ணீரும் ஊசிக்கு ஆகாது. சலைன் என்றாலும் பிள்ளை எடையைப் பார். 10 மில்லியில் 1.5 மில்லிமோல் சோடியம் போகிறது. ஒரு கிலோ குழந்தைக்கு ஒரு நாளுக்கு வேண்டியதில் கிட்டத்தட்ட பாதி அதுவே ஆகிவிடும். குழாய் கழுவுவதையும் சேர்த்து ஐ.ஓ. சார்ட்டில் (உள்ளே போன, வெளியே வந்த நீர்க் கணக்கில்) எழுது.

வார்டு மிஸ்ஸி:
நன்றி அண்ணே, நன்றி சிஸ்டர். பிள்ளைக்குக் கால்சியம் ஓடவில்லை, ஆனால் மஞ்சள் இருக்கிறது. டாக்டர் மருந்தை மாற்றிவிட்டார். மற்ற பிள்ளைகளுக்கு செஃப்ட்ரியாக்ஸோன் 1 கிராம் வயலில் 10 மில்லி விட்டால் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம் என்று எடுக்கலாம்தானே?

பார்மசி அண்ணன்:
பொடியும் இடம் பிடிக்கும். சில பிராண்டில் 9.6 மில்லி விட்டால்தான் மொத்தம் 10 மில்லி வரும். உங்கள் வயலோடு வந்த தாளில் எவ்வளவு போட்டிருக்கிறது என்று பாருங்கள், அதுதான் கணக்கு. தசை ஊசிக்கு லிக்னோகெய்னில் (மரத்துப்போகச் செய்யும் மருந்தில்) கலந்தது இருந்தால் தனித் தட்டில் லேபிள் ஒட்டி வையுங்கள். அது நரம்பில் போகவே கூடாது.

வார்டு மிஸ்ஸி:
தாளில் 9.6 என்றுதான் இருக்கிறது. மருந்து அலமாரிக் கதவில் எழுதி ஒட்டிவிட்டேன், இரவு ஷிஃப்டுக்கும் சொல்லியாச்சு.